ஃப்யூ என்றால் சில, எ ஃப்யூ என்றால் ஒரு சில... யார் காதில் பூ?

பல்லாவரம் ஸ்டேஷனில் இறங்கி ஜிஎஸ்டி ரோட்டைப் பிடித்து குரோம்பேட்டை, தாம்பரம் என்று நடந்து பாருங்கள். (ஜிஎஸ்டி என்றதும் வரி ஞாபகம் வந்தால் தப்பில்லை. ஆனால் வரி வந்தது 2017-ல்தான். ரோடு அதற்கு ரொம்ப காலம் முன்பே அந்தப் பெயரோடு இருக்கிறது.) மொபைல் கடைக்கு மேல் ஒரு மாடி, ஜெராக்ஸ் கடைக்கு மேல் ஒரு மாடி, அந்த மாடிக்குப் போகும் குறுகலான படிக்கட்டின் வாசலில் ஒரு போர்டு. முப்பது நாளில் சரளமான இங்கிலீஷ். அடுத்த சந்தில் நாற்பத்தைந்து நாள். பேங்க் எக்ஸாம் கோச்சிங் என்றால் ஆறு மாதம். போர்டு மாறும், நாள் மாறும், ஃபீஸ் மாறும். மாறாத ஒன்று உண்டு. உள்ளே கொடுக்கிற ஜெராக்ஸ் நோட்ஸில் ஒரு பக்கம்.

அந்தப் பக்கத்தில் இப்படி இருக்கும்:

ஃப்யூ – சில
எ ஃப்யூ – ஒரு சில
லிட்டில் – சிறிது
எ லிட்டில் – ஒரு சிறிது
மச் – அதிகம்
மெனி – பல
சம் – சில
எனி – ஏதாவது

அவ்வளவுதான். முடிந்தது பாடம். "எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு வாங்க, நாளைக்கு டெஸ்ட்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம்.

இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட வேண்டும். அதைத்தான் இந்தப் பதிவு சொல்ல வருகிறது. மேற்கொண்டு படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு கிளம்பலாம். மற்றவர்களுக்குக் காரணங்கள் கீழே.

சிலவுக்கும் ஒரு சிலவுக்கும் என்னய்யா வித்தியாசம்?

முதல் கேள்வி தமிழில் இருந்தே வருகிறது. "சில பேர் வந்தார்கள்", "ஒரு சில பேர் வந்தார்கள்". இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? யோசித்துப் பாருங்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. இருக்கிற வித்தியாசமும் நோட்ஸ் சொல்கிற திசைக்கு நேர் எதிரே போகிறது! "ஒரு சிலரைத் தவிர யாரும் வரவில்லை", "ஒரு சிலருக்கே அது புரியும்". ஒரு சில என்று சொல்லும்போது தமிழில் எண்ணிக்கை இன்னும் சுருங்கித்தான் கேட்கிறது. இங்கிலீஷில் அந்தச் சுருங்கல் வருவது வெறும் ஃப்யூவில். எ ஃப்யூவில் இல்லை. ஆக, நோட்ஸ் எழுதிய புண்ணியவான் "எ" என்றால் "ஒரு" என்று எழுத்துக்கு எழுத்து ஒட்டவைத்து, இரண்டையும் தலைகீழாக மாற்றிவைத்துவிட்டார்.

தமிழில் அந்த "ஒரு" செய்கிற வேலையே வேறு. "ஒரு பத்து பேர் இருப்பாங்க" என்றால் ஏறக்குறைய பத்து. அதை "எ பத்து" என்று யாராவது மொழிபெயர்ப்பார்களா? அதே ஒட்டுவேலைதான் "ஒரு சிறிது". இப்படி ஒரு தமிழை யாராவது வாய்விட்டுப் பேசிக் கேட்டதுண்டா? "ஒரு சிறிது தண்ணி குடும்மா" என்று கேட்டால் அம்மா நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பார்.

இதைப் படிக்கிற பையன் என்ன செய்வான்? அர்த்தம் பிடிபடாததால் ஒரு குறுக்குவழியைப் பிடித்துக்கொள்வான். "எ வந்தா பாசிட்டிவ், எ வரலைன்னா நெகட்டிவ்." இதுவும் மாடியில் சொல்லித்தருவதுதான். ஃபார்முலா தப்பில்லை. ஆனால் பாசிட்டிவ் என்றால் என்ன, எதற்கு பாசிட்டிவ், யாருக்கு பாசிட்டிவ் என்று யாரும் சொல்வதில்லை.

ஓர் எழுத்து, ஒரு வேலை

பி.காம் முடித்த ஒரு பையன் இன்டர்வியூவில் உட்கார்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். டேலி தெரியுமா என்று கேட்கிறார்கள். காலேஜ் படிக்கும்போதே ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஆறு மாதம் பகுதிநேரமாக வேலை பார்த்தவன் அவன். "கொஞ்சம் அனுபவம் இருக்கு சார்" என்று சொல்ல நினைக்கிறான். வாயில் வருவது, "ஐ ஹேவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ் சார்".

கேட்டவர் காதில் என்ன விழுந்திருக்கும்? "எனக்கு அனுபவம் இல்லையென்றே சொல்லலாம் சார்." அடக்கமாகச் சொல்கிறான் என்று எடுத்துக்கொள்கிற நல்ல மனிதராக இருந்தால் பிழைத்தான். இல்லையென்றால் அடுத்த ஆள். ஆறு மாதம் பில் போட்டு, வவுச்சர் அடுக்கி, பேங்க் ஸ்டேட்மென்ட் சரிபார்த்த உழைப்பு முழுவதும் ஓர் "எ" விட்டுப்போனதில் காணாமல் போய்விட்டது.

பேங்க் எக்ஸாம் பக்கம் வாருங்கள். பிஓ பிரிலிம்ஸில் இங்கிலீஷ் பகுதிக்கு 30 கேள்வி, 20 நிமிடம். கேள்விக்கு 40 வினாடி. தப்பாகப் போட்டால் கால் மார்க் போய்விடும். இந்தத் தேர்வில் கால் மார்க்கில் கோட்டைவிட்டவர்கள் கதை தாம்பரம் லோக்கலில் ஒரு பெட்டிக்கு ஒருவராவது சொல்வார். அந்த நாற்பது வினாடியில் "ஃப்யூ என்றால் சில, எ ஃப்யூ என்றால் ஒரு சில" என்று தலைக்குள் ஓட்டிப் பார்த்தால் விடை வருமா? வராது. இரண்டுமே சரியாகத்தான் தெரியும்.

தானும் ஆவதும்

உண்மையான வித்தியாசம் அளவிலேயே இல்லை. இதைத்தான் முதல் நாளே சொல்லித்தர வேண்டும்.

ஒரு கல்யாண ரிசப்ஷன். மாப்பிள்ளையின் ஆபீஸிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். மாப்பிள்ளை எதிர்பார்த்தது ஐம்பது. "அஞ்சு பேருதான் வந்தாங்க" என்கிறார். ஊர்க்கோடியில் கல்யாணம், மழை வேறு, ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தால் என்ன சொல்வார்? "அஞ்சு பேராவது வந்தாங்களே!" என்பார். வந்தது அதே ஐந்து. மாறியது சொல்கிறவரின் எதிர்பார்ப்பு.

முதலாவது ஃப்யூ. இரண்டாவது எ ஃப்யூ. தீர்ந்தது!

தமிழில் "தான்" போட்டால், அல்லது எழுத்து நடையில் ஏகாரம் போட்டால், ஃப்யூவும் லிட்டிலும் வந்துவிடும். சிலர்தான், சிலரே, கொஞ்சம்தான். "தான்" இல்லாமல் வெறுமனே சில பேர், கொஞ்சம் என்றாலோ, "ஆவது" சேர்த்தாலோ எ ஃப்யூ, எ லிட்டில். "கொஞ்சம்தான் அனுபவம்" என்பதற்கும் "கொஞ்சம் அனுபவம் இருக்கு" என்பதற்கும் வித்தியாசம் தெரியாத தமிழன் யாராவது உண்டா? அந்த இன்டர்வியூ பையனுக்கு முன்கூட்டியே இதைச் சொல்லியிருந்தால் அவன் "எ"வை விட்டிருக்கவே மாட்டான்.

இன்னொன்று இருக்கிறது. ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் எல்லோர் வீட்டுப் பரணிலும் இருக்கும். அதில் இந்தச் சொற்கள் மூன்று மூன்றாக வரும். ஃப்யூ, எ ஃப்யூ, தி ஃப்யூ. லிட்டில், எ லிட்டில், தி லிட்டில். ஜெராக்ஸ் நோட்ஸில் மூன்றாவது இருக்காது. தமிழில் அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டிருப்பார்கள். ஆனால் அதற்கான தமிழ் ஒவ்வொரு வீட்டிலும் மாதக் கடைசியில் கேட்கிற தமிழ்தான்: "இருந்த கொஞ்சநஞ்சமும் போச்சு." இருந்ததே குறைவு, அந்த இருந்ததும் முழுசாக. தி லிட்டில் என்பது இதுவே. கொஞ்சநஞ்சத்தை விட அழகாக அதை எந்த டிக்ஷனரி சொல்லும்?

வெள்ளிக்கிழமை சந்தையில் ஒரு இங்கிலீஷ் கிளாஸ்

அடுத்தது மச், மெனி. எண்ண முடிந்தால் மெனி, எண்ண முடியாவிட்டால் மச் என்பது விதி. இதற்கும் ஒரு பட்டியல், ஒரு மனப்பாடம், ஒரு டெஸ்ட்.

பல்லாவரம் பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிக்கிழமை தோறும் சந்தை கூடுகிறது. காய்கறியிலிருந்து செடிகொடி, பழைய நாற்காலி, ரிப்பேரான டிவி வரை எல்லாம் கிடைக்கும். அங்கே காய் வாங்கப் போகிற எட்டு வயசுப் பெண்ணைக் கவனியுங்கள். எலுமிச்சம்பழக்காரரிடம் "பத்து ரூபாய்க்கு எத்தனை?" என்று கேட்பாள். வெங்காயக்காரரிடம் "கிலோ எவ்வளவு?" என்பாள். எலுமிச்சை எண்ணிக்கை, வெங்காயம் நிறை, பூ முழம், எண்ணெய் லிட்டர். எதை எண்ண வேண்டும், எதை நிறுக்க வேண்டும், எதை முகக்க வேண்டும், எதை நீட்டி அளக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் ஃபார்முலா சொல்லித்தரவில்லை.

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று நான்கு வகை அளவைகளை நம் இலக்கண நூல்கள் எப்போதோ பிரித்து வைத்துவிட்டன. நன்னூல் வகுப்பில் தூங்காமல் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். இங்கிலீஷ்காரன் செய்தது இதில் முதலாவதைத் தனியாக எடுத்து மெனி, ஃப்யூ என்று வைத்தது. மீதி மூன்றையும் சேர்த்து மச், லிட்டில் என்று வைத்தது. எத்தனை என்று கேட்க வந்தால் ஹவ் மெனி. எவ்வளவு என்று கேட்க வந்தால் ஹவ் மச். "சில தண்ணீர்" என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் சொல்வதில்லை. ஆக, பாதிப் பாடம் பையன் அம்மாவோடு சந்தைக்குப் போனபோதே முடிந்துவிட்டது. அதற்குத்தான் மாடியில் தனி ஃபீஸ்.

பேச்சில் "எவ்வளவு பேர் வந்தாங்க" என்று எண்ணிக்கைக்கும் எவ்வளவு போடுகிறோமே என்று கேட்கலாம். உண்மைதான், பேச்சில் அந்த வேலி கொஞ்சம் சாயும். எல்லா மொழியிலும் சாயும், இங்கிலீஷிலும் சாய்கிறது. அது கீழே வருகிறது.

அப்படியானால் சொல்லித்தர ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. தமிழன் எண்ணுகிற சிலவற்றை இங்கிலீஷ்காரன் எண்ணுவதில்லை. தகவல்கள், அறிவுரைகள், மரச்சாமான்கள், மூட்டை முடிச்சுகள் என்று தமிழ் தாராளமாகக் "கள்" போடும். இங்கிலீஷில் இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், ஹோம்வொர்க் எதற்கும் எஸ் போடக்கூடாது, மெனி போடக்கூடாது. தமிழ் கைகொடுக்காத இடம் இதுதான். உட்கார்ந்து படிக்க வேண்டியது இந்தப் பத்துப் பதினைந்து சொற்களைத்தான். காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தர வேண்டியதும் இதைத்தான். ஆனால் நோட்ஸில் இருப்பதோ அரிசி, பால், தண்ணீர், சர்க்கரை என்று யாருமே தப்பு செய்யாத பட்டியல்!

லெஸ்ஸைக் கண்டால் சிரிக்கிறவர்கள்

இங்கிலீஷ் தெரிந்தவர்கள் என்று ஒரு ஜாதி உண்டு. யாராவது "லெஸ் பீப்பிள்" என்று சொன்னால் போதும், உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். எண்ணக்கூடியதற்கு ஃப்யூவர், எண்ண முடியாததற்கு லெஸ், இதுகூடத் தெரியாதா என்று.

இந்த விதியின் பூர்வீகத்தை அவர்கள் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 9-ஆம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் மன்னர் எழுதிய பழைய இங்கிலீஷிலேயே லெஸ்ஸின் முன்னோர் எண்ணக்கூடிய பொருளோடு வந்திருக்கிறது. பல நூற்றாண்டுகள் அப்படியே ஓடியது. 1770-ல் ராபர்ட் பேக்கர் என்பவர், இந்த இடத்தில் லெஸ்ஸை விட ஃப்யூவர் நன்றாக இருக்கும் என்று தனக்குப்படுவதாக ஒரு புத்தகத்தில் எழுதினார். ஒருவரின் ரசனை அது. பின்னால் வந்த இலக்கணக்காரர்கள் அதைச் சட்டமாக்கினார்கள்.

இங்கிலாந்திலேயே இந்தச் சண்டை ஓயவில்லை. பத்துப் பொருள் அல்லது அதற்குக் குறைவாக வாங்குகிறவர்களுக்கான கவுன்ட்டரில் சூப்பர் மார்க்கெட்டுகள் காலம் காலமாக லெஸ் என்றுதான் எழுதின. ஃப்யூவர் என்று எழுது என்று ஒரு கூட்டம் மல்லுக்கு நின்றது. 2008-ல் டெஸ்கோ நிறுவனம் இரண்டும் வேண்டாம் சாமி என்று "பத்துப் பொருள் வரை" என்ற அர்த்தத்தில் "அப் டூ" போட்டுத் தப்பித்துக்கொண்டது. லண்டன்காரனே தடுமாறுகிற இடத்தில் பம்மல் பையன் தடுமாறினால் சிரிப்பு வருகிறதாம். வரட்டும்.

அதற்காக அந்த விதியைப் படிக்காதீர்கள் என்று அர்த்தமில்லை. பரீட்சை வைக்கிறவன் அதைக் கேட்கிறான், படித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் பரீட்சை விதியாகப் படியுங்கள். அறிவை அளக்கிற தராசாக அதை யாரும் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். போகிற போக்கில் ஒன்று: பணம், தூரம், நேரம் மூன்றுக்கும் ஐந்நூறு ரூபாய், பத்து கிலோமீட்டர் என்று எண் வந்தாலும் லெஸ்தான் சரி. ஏனென்றால் அங்கே ஐந்நூறு தனித்தனி ரூபாயை யாரும் எண்ணவில்லை, ஒரு தொகையைச் சொல்கிறார்கள். சிரிக்கிற ஜாதியில் பாதிப் பேர் இந்த இடத்தில் ஃப்யூவர் போட்டு மாட்டிக்கொள்வார்கள்.

எனி: ஒரு சொல், ஒரு தேசம், ஒரு தீர்ப்பு

இதெல்லாம் மார்க் சமாச்சாரம், இதற்கு ஏன் இவ்வளவு ஆவேசம் என்று கேட்பவர்களுக்கு இனிமேல்தான் விஷயம்.

2016 நவம்பர் 8. இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு. நள்ளிரவிலிருந்து 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது. நாட்டில் புழங்கிய பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அது. மறுநாளிலிருந்து பல்லாவரமும் பாண்டிச்சேரியும் பாட்னாவும் ஒரே மாதிரி வரிசையில் நின்றன. இன்று பி.காம் படிப்பவர்கள் அப்போது பள்ளிக்கூடப் பையன்கள். அப்பாவோ பாட்டியோ ஏடிஎம் வாசலில் நின்றது நினைவிருக்கும்.

அரசு எந்தச் சட்டத்தின் கீழ் இதைச் செய்தது? ரிசர்வ் வங்கிச் சட்டம், 1934, பிரிவு 26, உட்பிரிவு 2. ரிசர்வ் வங்கியின் மத்தியக் குழு பரிந்துரைத்தால், எந்த மதிப்புள்ள நோட்டிலும் "எனி சீரீஸ்" செல்லாது என்று மத்திய அரசு அறிவிக்கலாம் என்கிறது அது. வழக்கு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. அங்கே இருந்த முக்கியமான கேள்விகளில் ஒன்று: இந்த "எனி" என்றால் என்ன? ஏதாவது சில வரிசை நோட்டுகளா? அல்லது எல்லா வரிசையுமா? 500 ரூபாய் நோட்டில் ஒரு குறிப்பிட்ட வரிசையை மட்டும் செல்லாததாக்கலாமா, மொத்த 500 ரூபாய் நோட்டையும் துடைத்துப்போடலாமா?

மனுதாரர்கள் சொன்னது: எனி என்றால் ஆல் இல்லை. 1946-லும் 1978-லும் பெரிய நோட்டுகளைச் செல்லாததாக்கியபோது அவசரச் சட்டம்தான் போட்டார்கள், வெறும் அறிவிப்பு போதும் என்றால் அன்றைக்கு அது எதற்கு?

2023 ஜனவரி 2-ல் தீர்ப்பு வந்தது. நான்கு நீதிபதிகள், பெரும்பான்மைக்காக நீதிபதி பி.ஆர்.கவாய் எழுதினார், இந்த இடத்தில் எனி என்பதைச் சுருக்கிப் படிக்க முடியாது, எல்லா வரிசைகளும் அதில் அடங்கும் என்றார்கள். அரசின் நடவடிக்கை செல்லும் என்றது தீர்ப்பு. நீதிபதி பி.வி.நாகரத்னா மட்டும் மாறுபட்டார். எனி என்றால் குறிப்பிட்ட வரிசை, எல்லாம் என்று படிக்கக்கூடாது, இவ்வளவு பெரிய காரியத்தை அரசே தொடங்கிச் செய்வதானால் அவசரச் சட்டமோ நாடாளுமன்றச் சட்டமோ வேண்டும் என்பது அவர் கருத்து.

நான்குக்கு ஒன்று. யார் சொன்னது சரி என்ற பஞ்சாயத்து இங்கே வேண்டாம். பார்க்க வேண்டியது, எத்தனை கோடிப் பேர் வரிசையில் நின்ற ஒரு விஷயத்தில் மூன்றெழுத்து இங்கிலீஷ் சொல் ஒன்று எவ்வளவு பெரிய இடத்தில் உட்கார்ந்திருந்தது என்பதை. நோட்ஸில் அதற்கு என்ன அர்த்தம் போட்டிருந்தது? "எனி – ஏதாவது." அவ்வளவுதான்!

தமிழில் அந்த எனி எத்தனை முகத்தோடு இருக்கிறது என்று பாருங்கள். "யாராவது வந்தாங்களா?" ஒருத்தராவது வந்தாரா என்று தெரிய வேண்டும். "யாரும் வரலை." ஒருத்தர் விடாமல் எல்லோரையும் சேர்த்து இல்லை என்றாகிவிட்டது. "யாரு வேணாலும் வரலாம்." கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. மூன்றுக்கும் இங்கிலீஷில் எனி ஒன்றுதான். "யாரோ வந்திருக்காங்க" என்றால் மட்டும் சம் பக்கம் போக வேண்டும், ஏனென்றால் வந்தது உறுதி, யார் என்பதுதான் தெரியவில்லை. சம்முக்கும் எனிக்கும் உள்ள வித்தியாசமே இதில் முடிந்துவிடுகிறது.

சந்தையில் பழக்காரம்மா "எது வேணாலும் எடுத்துக்கோ" என்றால் கூடையோடு தூக்கிக்கொண்டு போக மாட்டோம். "எதையும் தொடாதே" என்றால் கூடை முழுவதும் தடை. அதே பிரிவைத் தமிழில் எழுத உட்கார்ந்தவர் "ஏதேனும் ஒரு வரிசையை" என்று எழுதுவதா, "எந்த வரிசையையும் எல்லா வரிசைகளையும்" என்று எழுதுவதா என்று பேனாவை நிறுத்தித்தான் ஆக வேண்டும். இங்கிலீஷ் நிறுத்தாமல் ஓடிவிட்டது. அதை நிறுத்திக் கேட்க 2016 வர வேண்டியிருந்தது.

காமர்ஸ் பசங்களுக்கு இன்னும் கொஞ்சம்

பி.காமில் கம்பெனி லா படிக்கிறவர்கள் தினமும் இந்தச் சொற்களோடுதான் குடித்தனம் நடத்துகிறார்கள், அது தெரியாமலே. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தில், ஒரு கம்பெனியின் மொத்த ஓட்டுரிமையில் "பாதிக்கு மேல்" இன்னொரு கம்பெனியின் கையில் இருந்தால் அது துணை நிறுவனம். அதே சட்டத்தில், செலுத்தப்பட்ட பங்கு மூலதனத்தில் "51 சதவீதத்துக்குக் குறையாமல்" அரசு வைத்திருந்தால்தான் அது அரசு நிறுவனம். 50.5 சதவீதம் பங்கும் அதே அளவு ஓட்டும் இருந்தால்? முதல் கணக்கில் பாஸ், இரண்டாவது கணக்கில் ஃபெயில். மோர் தேன், நாட் லெஸ் தேன் இரண்டையும் "அதிகம்" என்று மனப்பாடம் செய்தவனுக்கு இது எப்படிப் புரியும்?

சிறப்புத் தீர்மானத்துக்கு ஆதரவு ஓட்டு, எதிர்ப்பு ஓட்டைப் போல் மூன்று மடங்குக்குக் குறையக்கூடாது. 75-க்கு 25 என்றால் தீர்மானம் நிறைவேறும். "குறையக்கூடாது" என்ற இடத்தில் "மூன்று மடங்குக்கு மேல்" என்று இருந்திருந்தால் அதே 75-க்கு 25-ல் தீர்மானம் தோற்றுவிடும். ஒரு ஓட்டுகூட மாறவில்லை.

சட்டமெல்லாம் எதற்கு? ஆடித் தள்ளுபடி போர்டைப் பாருங்கள். 50% என்று ஆள் உயரத்துக்கு எழுத்து. அதன் தலைமேல் கடுகு மாதிரி "அப் டூ". 50-க்கு மேல் போகாது என்பது மட்டுமே அதன் அர்த்தம். கடையில் 5% தள்ளுபடிதான் நிறைய இருந்தாலும் போர்டு பொய் சொல்லவில்லை. அளவுச் சொல் தெரியாதவன் பையில்தான் முதலில் கை விழுகிறது.

"பேசினா போதும் சார்"

இதற்குப் பதில் சொல்கிறவர்கள் ஒன்று சொல்வார்கள். "பையன் முதல்ல வாயைத் திறந்து பேசட்டும். கூச்சம் போகட்டும். ஃப்யூ, எ ஃப்யூ எல்லாம் தானா வரும்." பாதி சரி. பயந்துகொண்டு பேசாமலிருப்பதை விடத் தப்பாகப் பேசுவது மேல். யாரும் மறுக்கவில்லை. ஆனால் மீதி பாதி? தானாக வரும் என்றால் அந்தப் பக்கத்தை ஏன் அச்சடித்துக் கொடுக்கிறீர்கள்? தப்பான அர்த்தத்தைக் கொடுத்துவிட்டுத் தானாகச் சரியாகும் என்பது, தப்பான வீட்டு நம்பர் கொடுத்துவிட்டு நடந்தால் வந்துவிடும் என்பது போலத்தான்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. தமிழ் மீடியத்திலிருந்து வருகிற பையனைக் காலிப் பானை என்று நினைத்துத்தான் இந்த நோட்ஸ் எழுதப்படுகிறது. அவன் மூளையில் ஒன்றுமில்லை, நாங்கள்தான் ஊற்றப்போகிறோம் என்ற நினைப்பு. அவனிடம் தான், ஆவது, கொஞ்சநஞ்சம், எத்தனை, எவ்வளவு, யாராவது, யாரும், யாரோ எல்லாம் இருக்கிறது. "வகுப்பில் தமிழே பேசக்கூடாது" என்று போர்டு மாட்டி அதையெல்லாம் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றிவைக்கச் சொல்கிறார்கள். அப்புறம் காலி என்கிறார்கள்.

பக்கத்தைக் கிழித்தால் அந்த இடத்தில் என்ன வைப்பது? இவ்வளவுதான்:

ஃப்யூ, லிட்டில் – சிலர்தான், கொஞ்சம்தான்
எ ஃப்யூ, எ லிட்டில் – சிலர் இருக்கிறார்கள், கொஞ்சம் இருக்கிறது
தி ஃப்யூ, தி லிட்டில் – இருந்த சிலரும், இருந்த கொஞ்சநஞ்சமும்
மெனி – எத்தனை என்று கேட்க முடிகிறவை
மச் – எவ்வளவு என்று மட்டுமே கேட்க முடிகிறவை
சம் – யாரோ, ஏதோ
எனி – யாராவது, யாரும், யார் வேண்டுமானாலும். எது என்று வாக்கியத்தைப் பார்த்து முடிவு செய்

இதற்கு முப்பது நாள் வேண்டாம். ஒரு சாயங்காலம் போதும். மீதி இருபத்தொன்பது நாளில் அந்தப் பையனைப் பேசவிடுங்கள்.

அடுத்த முறை அந்த மாடியில் உட்கார்ந்திருக்கும்போது சார் போர்டில் "எ ஃப்யூ – ஒரு சில" என்று எழுதினால் கையைத் தூக்குங்கள். கூச்சப்பட வேண்டாம், கூச்சம் போகத்தானே காசு கட்டியிருக்கிறீர்கள். எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி, அதுவும் தமிழிலேயே: "சார், தமிழ்ல சிலவுக்கும் ஒரு சிலவுக்கும் என்ன சார் வித்தியாசம்?"

பதில் வருகிறதா என்று பாருங்கள்.